லொட்சி அண்ணையின் பாண் பட்டியல்

போன செவ்வாய்க்கிழமை காலை பியர்ஃபித் முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. "நீங்கள் அவருடைய குடும்பமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்கள். பதற்றத்தில் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். லொட்சி அண்ணை காலமாகிவிட்டார். வயது எண்பத்தெட்டு. அவருக்கு நெருங்கியவர் என்று அங்கே எழுதியிருந்தது என் இலக்கம் ஒன்றுதான்.

பாரிஸ் லாச்சப்பல் தெருவின் தமிழ்க் கடைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். ரோல்ஸ் வாங்கி, கண்ணீர் வழிய வழியத் தின்று, "இன்னும் உறைப்புப் போடுங்கோ" என்று தமிழில் சொல்லும் ஹங்கேரிக்காரர். அதற்குமேல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல என் மகள் சுதா எழுதுகிறாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் இருவரும் கோப்பை கழுவினோம். முதல் நாளே, மரியாதைக்கு, அவரைப் பிரெஞ்சில் 'தோழர்' என்று கூப்பிட்டேன். கையில் இருந்த தட்டைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். எங்கள் அரைகுறைப் பிரெஞ்சை என் தமிழில் தருகிறேன்: "அந்தச் சொல்லை இஞ்சை சொல்லாதை."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் என் சாதிக்குச் சிரட்டையில்தான் தேநீர். செங்கொடிக்காரர்கள் எங்களோடு வந்து உட்கார்ந்து, அடி வாங்கி, கிளாஸ் வாங்கித் தந்தார்கள். அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவர் சொன்னார்: "உனக்கு அந்தக் கொடி கிளாஸ் தந்தது. எங்களுக்கு டாங்கி அனுப்பினது." பிறகு தட்டைத் தேடி எடுத்து, "சரி, கிளாஸ் எல்லாம் இனி நீயே கழுவு" என்றார்.

ஐம்பத்தாறில் அவருக்குப் பத்தொன்பது வயது. ரஷ்யா முண்டு கொடுத்து வைத்திருந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராகப் புடாபெஸ்ட் சனம் தெருவில் இறங்கியது. அவருடைய தெருவில் அவரையும் சேர்த்து ஆறு பேர் துவக்கோடு நின்றார்கள். தின்னப் பாணுக்கும் தட்டுப்பாடு. ஆருக்கு எத்தனை துண்டு என்று பெயர் பெயராய் ஒரு கடதாசியில் எழுதியவர் இவர்; கையெழுத்து அழகாம். டாங்கிகள் வந்தபோது கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். எல்லை தாண்டிய பிறகுதான் கடதாசி கோட்டுப் பைக்குள் என்று நினைவு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ்காரர் வீடு வீடாய் வந்தார்கள் என்று பிறகு தங்கை கடிதம் போட்டாள். மற்ற ஐந்து பேரும் திரும்பவேயில்லை.

"என்ரை கையெழுத்து" என்பார். அதோடு நிறுத்திவிடுவார்.

எனக்கு எழுதத் தெரியாது என்று அறிந்த அன்றுதான் அவர் முகம் தெளிந்ததைக் கண்டேன். "பாரிசிலை நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான்." அன்று முதல் தொட்டிக்கு முன்னால் நின்றபடி அந்த ஐந்து பெயர்களையும் என்னைப் பாடமாக்க வைத்தார். மூன்றாவது பெயர் என் நாக்கில் ஏறவில்லை. "அது என்ன மீனின்ரை பேரோ? நாக்கை உள்ளுக்கு மடி!" என்று ஈரத் துணியால் அடிப்பார்.

ஹங்கேரியில் அந்த ஆட்சி விழுந்த செய்தி வந்தபோது, "ஊருக்கு ஒருக்கால் போட்டு வாங்கோவன் அண்ணை" என்றேன்.

"அந்த ஐஞ்சு பேரின்ரை தாய்மார் இருக்கினம்" என்றார்.

போன வருடம் இல்லத்தில் வைத்து மறுபடி கேட்டேன். "இப்ப தாய்மாரும் இல்லை. இனி ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது?"

தகனத்துக்கு நானும் சுதாவும் இல்லத்துப் பெண் ஒருவரும்தான். பெட்டிக்குக் கிட்டக் குனிந்து ஐந்து பெயர்களையும் சொன்னேன்.

இந்த இடத்தில் சுதா பேனையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "அப்பா, அந்தப் பேருகளைச் சொல்லுங்கோ, எழுதிவிடுறன். உங்களுக்குப் பிறகு ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. எழுதாதை."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஐந்து பெயர்கள்தான். தினமும் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவதை இன்னும் பிழையாகத்தான் சொல்கிறேன். திருத்த ஆளில்லை.