பி.இ. படித்த ஏசி மெக்கானிக்

ஏசி ரிப்பேர் என்பது, நாம் வேர்த்து வழிந்து அடுத்தவர் வீட்டைக் குளிர வைக்கும் தொழில். பி.இ. மெக்கானிக்கல் முடித்து, இரண்டு வருடம் இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்துவிட்டு, மைசூரில் ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்து இதைக் கற்றுக்கொண்டேன். பட்டத்தை பீரோவில் பூட்டிவிட்டு வேறு வேலைக்குக் கிளம்பிய என் சக பாவப்பட்டவர்களே, எனக்கு விழுந்த அடிகளில் சிலதைச் சொல்கிறேன். உங்களுக்கும் விழுந்திருக்கும்.

பக்கத்து பெஞ்சு

பயிற்சி மையத்தில் முதல் நாள். தெரிந்தவர் யாரும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் குனிந்து ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடம் கரும்பலகையில் பார்த்த கையெழுத்து. காலேஜில் எனக்கு ரெஃப்ரிஜரேஷன் பாடம் எடுத்த சார்.

ஏதோ விசாரிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, சேர வந்திருக்கிறார். மெக்கானிக்கலுக்குப் பையன்கள் சேராததால் அந்தப் பிரிவையே காலேஜ் மூடிவிட்டதாம். கலர் சாக்பீஸில் அவர் கம்ப்ரஸர் வரைந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். நிஜ கம்ப்ரஸரைப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் நானும் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில், "வரேன் சார்" என்றேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"இனிமே சார்னு கூப்பிடாதப்பா. நானும் உன் பேட்ச்தான்."

முழு மார்க்

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் காவ்யா மேடம். ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிட மூன்று வயது சின்னவர். பேசுவது கன்னடம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

ஒருநாள் பழைய ஏசியின் வெளி யூனிட்டைக் கழற்றச் சொன்னார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தைரியமாகக் கையை உள்ளே விட்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் சுவரோரம் கிடந்ததும், என்னைச் சுற்றி நின்ற முகங்களும்தான். வலது கை என்னுடையது மாதிரியே இல்லை. கரண்டை நிறுத்தினாலும் கெபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், முதலில் அதை வெளியேற்ற வேண்டும் என்பது செமஸ்டரில் நான் முழு மார்க் வாங்கிய விஷயம். எழுந்து உட்கார்ந்து, "சுவிட்சை அணைச்சுட்டேனே மேடம்" என்றேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்:

"நீங்க அணைச்சது உங்களுக்குத் தெரியும். கெபாசிட்டருக்குத் தெரியாதே."

மூடிய கதவு

பயிற்சி முடிந்து தனியாகப் போன முதல் வீடு விஜயநகரில். ரிட்டயர்டு டீச்சரம்மா. ஹாலில் ஏசி குளிரவில்லை. ஃபில்டரில் அடைந்திருந்த தூசியைத் தட்டிக் கழுவி மாட்டினேன். பத்து நிமிடத்தில் குளிர் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம். காபி கொடுத்தார். பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, வரைக்குமாவது படித்தாயா என்று கேட்டார்.

பி.இ. என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று எழுந்துபோய், பாதி திறந்திருந்த உள் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கிட்டே வந்து, கிசுகிசுவென்று சொன்னார்:

"உள்ளே என் பையன் இருக்கான். அவனும் பி.இ.தான். ரெண்டு வருஷமா அந்த ரூமை விட்டு வெளியே வரலை. மெதுவா பேசுப்பா."

மாடிப்படி

சொந்த ஊரான ஹனூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மைசூரில் கம்பெனி வேலை என்றுதான் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடைக்கு ஏசி மாட்டப் போன அன்று, வெளி யூனிட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். நாலாவது படியில் திரும்பினால் கீழே அப்பா நிற்கிறார். மண்டிக்கு மஞ்சள் கொண்டுவந்தவர். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. யூனிட் சரிந்தது.

அப்பா படியேறி வந்தார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, மறுமுனையைப் பிடித்தார். இரண்டு மாடி. மேலே வைத்துவிட்டு இருவரும் மூச்சு வாங்கினோம். திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் யூனிட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஊருல அத்தன பேருகிட்டயும் எம்பையன் ஏசியில வேலை பாக்குறான்னு சொல்லி வெச்சிருக்கேன். அது பொய்யில்லீல்ல?"

பயோடேட்டாவோடு போனபோது வாசல் செக்யூரிட்டியைத் தாண்டவிடாத கம்பெனிகளுக்கு இப்போது டூல் பையோடு போனால் நேரே எம்.டி. அறைக்கே கூட்டிப்போகிறார்கள், என்ன, உட்காரத்தான் சொல்வதில்லை.