கூல் என்றால் குளிர்

மகள் சவூதி அரேபியாவில் அப்ஹா என்ற ஊருக்குத் தாதியாக வேலைக்குப் போனபோது, ரொறன்ரோவில் எங்கள் மல்வேர்ன் வீட்டில் அதிகம் பயந்தவன் நான்தான். மனைவி கோயிலில் ஓர் அருச்சனையோடு ஆறிவிட்டாள். நானோ தினமும் போன் எடுத்து, "எப்பிடியம்மா அங்க?" என்று கேட்பேன். மகள் கனடாவில் பிறந்தவள். தமிழைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பாள். "இங்க கூல் அப்பா" என்பதுதான் எப்போதும் பதில்.

ரொறன்ரோப் பிள்ளைகளுக்குக் கூல் என்றால் எல்லாம் நல்லபடி என்று அர்த்தம். பள்ளிச் சோதனையும் கூல், சாப்பாடும் கூல். மகள் கூலாக இருக்கிறாள் என்று பஸ்ஸில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் அவள் அதைச் சொல்கிற குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பாலைவனம்தானே என்று, விமான நிலையத்தில் இறக்கிவிட்ட என் தம்பியின் காரிலேயே ஜக்கெட்டுகளைக் கழற்றிப் போட்டோம். அப்ஹாவில் இறங்கினால் மலையும் மூடுபனியும். கனடாக்காரன் நான் அரேபியாவில் பல் கிடுகிடுக்க நின்றேன். மகள் தன் ஜக்கெட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினாள். அது இல்லாமல் பார்த்தபோதுதான் அவள் எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"குளிரும் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எத்தினை தரம் சொன்னனான்? கூல் எண்டு."

"நீ சுகமா இருக்கிறாய் எண்டெல்லோ நான் நினைச்சன்."

அவள் ஜக்கெட்டின் சிப்பை என் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு, "அப்பிடி நான் ஒருநாளும் சொல்லேல்லை அப்பா," என்றாள்.

வேலையில் குறையில்லை, மனிதரும் நல்லவர்கள். விடுதி அறைக்கு வந்து கதவைப் பூட்டினால் கதைக்க ஓர் ஆளில்லை, அவ்வளவுதான் என்றாள். தினமும் கேட்டவன், ஒருநாளாவது பதிலைக் காதில் வாங்கவில்லை.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. மனைவி அவளோடு நின்றுவிட்டாள். நான் தனியே மல்வேர்னுக்குத் திரும்பி வந்தேன். இப்போதும் தினமும் போன் எடுக்கிறேன். குளிருது என்று தமிழிலேயே சொல்கிறாள்.

"ஆருக்கு, ஊருக்கோ உனக்கோ?" என்று கேட்டு, பதிலையும் காதில் வாங்கிய பிறகுதான் போனை வைக்கிறேன்.