பூச்சிக்கும் வம்சம் உண்டு

"நாய்க்கு வர்ற செரங்கும் மனுசனுக்கு வர்ற செரங்கும் ஒண்ணாத்தா? நீதான் சயின்ஸ் குரூப்பு படிச்சவளாச்சே, சொல்லு பாப்போம்."

மொக்கம்மாள் அத்தை இதைக் கேட்டபோது ஜமீனின் காதை மடித்து வைத்துக்கொண்டு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஜமீன் அவர் வளர்க்கும் நாய். செவலை உடம்பு, கருத்த மூஞ்சி, எங்கள் ஊரான கோம்பையின் பெயரைத் தாங்கிய வேட்டை இனம், அசல் கோம்பை நாய். ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பியதும் அத்தை முதலில் தன் முகத்தைக் கழுவமாட்டார். ஜமீனின் காது, விரலிடுக்கு, வாலடி எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவார்.

நான் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். உயிரியலில் நல்ல மதிப்பெண்.

"தெரியல அத்தை."

"கொழப்பமில்ல. தெரிஞ்சவுக யாராச்சும் இருப்பாக. கேட்டுச் சொல்லு."

"கொழப்பமில்ல" அவர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குத் தினமும் போய்வந்து கொண்டுவந்த வார்த்தை. பரவாயில்லை என்பதற்கு மலையாளத்து மேனேஜர்கள் சொல்வது. சோறு கரிந்தாலும் கொழப்பமில்ல, பஸ் போய்விட்டாலும் கொழப்பமில்ல.

அத்தைக்கு எப்போதும் சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. தெருமுனையில் நின்று பேசினால் மறுமுனையில் கேட்கும். தன் தம்பி பிள்ளைகளின் பெயரில் தடுமாறுவார். ஜமீனின் வம்சத்தைச் சொல்லும்போது ஒரு பெயரும் தவறாது. "இவன் ஆத்தா அடிவாரத் தோட்டத்துச் செவலை. அவளோட ஆத்தா காட்டுப்பன்னிய மறிச்சு நின்னவ." ஜமீனுக்குப் பிறந்த குட்டி வேண்டுமென்று தேனியிலிருந்து காரில் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, வீட்டில் யார் சோறு வைப்பது, வெயிலில் கட்டிப்போடுவீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். பெண் கேட்டு வந்தவர்கள்கூட அவ்வளவு பதில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எங்கள் தெருவிலிருந்து விடியுமுன் வேல்பாண்டியின் ஜீப் புறப்படும். கம்பம் போய், கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் பெண்களை இறக்கிவிட்டு மாலையில் கூட்டிவரும். என் அம்மாவும் அதில்தான் போகிறாள். மலை ஏற ஏறக் குளிரும். ஜீப்பில் ஒரு பெரிய கம்பளி உண்டு. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் அதை எல்லார் மடிக்கும் சேர்த்து விரித்து, கைகளை உள்ளே விட்டுக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள்.

போன வருடம் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது ஜீப்பில் போகிறவர்களுக்கு விரலிடுக்கில் அரிப்பு கண்டது. மருந்துக்கடைக் களிம்பு தடவினால் போகும். பிறகு திரும்ப வரும். அதே சமயம் ஜமீனின் காதோரம் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியது. தெரு உடனே கணக்குப் போட்டுவிட்டது.

"ஏ மொக்கு, நாய மடியில வச்சுக் கொஞ்சுறது நீ. நின்னு சொறியிறது நாங்களா?" என்றார் பஞ்சம்மாள். ஜீப்பில் அத்தைக்குப் பக்கத்துச் சீட்டு.

"என் புள்ளைக்குத் தெருநாய்ச் சாவாசமே கிடையாது. அவனுக்கு எப்படிச் செரங்கு வரும்? உங்க செரங்குதான்டி அவனுக்கு ஒட்டியிருக்கு!"

வேல்பாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "மதினி, அந்தச் சொறிநாயக் கொண்டுபோயி எங்கிட்டாச்சும் விட்டுட்டு வாங்க. ஒங்க சீட்டு இருக்கும். இல்லேன்னா மத்தவுகல்லாம் எறங்கிருவோம்ங்கிறாக."

"அவுக எதுக்கு? நானே எறங்கிக்கிறேன்."

இறங்கிவிட்டார். எடுப்புக் காலத்தில்தான் ஏலத்தோட்டத்தில் நல்ல கூலி. அதை விட்டுவிட்டுத் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கப் போனார். கூலி பாதிக்கும் குறைவு. நாயைப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாம் என்று தெருவில் பேச்சு அடிபட்டதும், வேலைக்குப் போகும்போது ஜமீனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்.

அவர் கேட்ட கேள்வியை நான் பல இடங்களில் கேட்டேன். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் ஞானசெல்வி என்பவரை அடையாளம் காட்டினார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, தோலில் குடியேறும் பூச்சிகளின் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆடு, நாய், மனிதர் என்று ஒவ்வொன்றிலும் தோலைச் சுரண்டிப் பூச்சியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. அரசு டாக்டர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்.

"நாய் டாக்டர் எங்கள எதுக்குச் சொரண்டணும்?" என்றார் பஞ்சம்மாள். ஒருவரும் கையை நீட்டவில்லை.

அத்தை முன்னால் வந்து சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். கையின் உள்பக்கத்தில் வாடிக்கொண்டிருந்த சிவப்புத் தடிப்புகள். அத்தனை நாளும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தார்.

"பாத்தீகளா! நாங்க சொன்னமா இல்லையா?" என்று கூட்டம் கொதித்தது.

"எனக்கும் அரிச்சுச்சுதான். இப்ப அடங்கிருச்சு. சொரண்டுங்கத்தா. என் நாய் மேல தப்புன்னு வரட்டும், நானே அவனக் கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். கையக் குடுக்கப் பயப்படுறவுக இனிமே என் நாயப் பேசக்கூடாது."

அதற்குப் பிறகு எல்லாரும் கையை நீட்டினார்கள். ஜமீனிடமும் எடுத்தார்கள், தெருநாய்களிடமும் எடுத்தார்கள். ஜமீனுக்கு ஊசி போட்டு, வைத்தியம் தொடங்கினார் ஞானசெல்வி.

மழை போய்ப் பனி வந்தபோது முடிவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் நிற்கும் இடத்தில் எல்லாரும் கூடினார்கள். அத்தை ஜமீனின் கழுத்துக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"பாக்க ரெண்டும் ஒரே பூச்சி மாதிரிதான் இருக்கும்," என்றார் ஞானசெல்வி. "மரபணுவப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். இங்கன எடுத்ததுல நாய்ப் பூச்சி ஒரு கிளை, மனுசப் பூச்சி வேற கிளை. நாய்ப் பூச்சி மனுசர் மேல ஏறினா கொஞ்ச நாள் அரிக்கும். ஆனா அங்க பெருக முடியாம செத்துரும். மொக்கம்மாக்காவுக்கு வந்தது அந்த அரிப்பாத்தான் இருக்கும். அதான் தானா அடங்கிருச்சு. உங்களுக்கு இருக்கறது அது இல்ல."

கூட்டம் விழித்தது. கிளை என்றால் என்ன என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அத்தைக்குப் பிடிபட்டுவிட்டது. தெருவின் மறுமுனைக்கும் கேட்கும்படி சொன்னார். "வம்சம்னு சொல்லுங்கத்தா! என் ஜமீனுக்கும் நாலு காலு, தெருநாய்க்கும் நாலு காலு. வம்சம் ஒண்ணா? அதே மாதிரி பூச்சிக்கும் வம்சம் இருக்கு. நாய்ல குடியிருக்கிற வம்சம் வேற, உங்க கையில குடியிருக்கிற வம்சம் வேற!"

எல்லாத் தலைகளும் ஆடின. கோம்பையில் வம்சம் என்று சொன்ன பிறகு விளக்கம் தேவையில்லை.

"அப்ப எங்களுக்கு எங்கனருந்து வந்துச்சு?" என்றார் பஞ்சம்மாள், குரலைத் தாழ்த்தி.

"உங்க எல்லார்கிட்டயும் எடுத்த பூச்சி ஒரே குடும்பம் மாதிரி நெருக்கமா இருக்கு. ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குத்தான் போயிருக்கணும். நீங்க எல்லாரும் தோலோட தோல் ஒட்டி உக்காருற எடம் எது?"

எல்லாரும் ஜீப்பைப் பார்த்தார்கள். பின்சீட்டில் மடித்து வைத்திருந்த கம்பளியைப் பார்த்தார்கள். முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்த வேல்பாண்டி கையை மெல்லக் கீழே போட்டார்.

அத்தை சும்மா இருப்பாரா? "கேட்டீகளா ஊராரே! இவுகளாலதான் என் புள்ளைக்கு..."

"அதுவும் இல்லக்கா," என்று சிரித்தார் ஞானசெல்வி. "ஜமீனோட பூச்சி உங்க தெருநாய்களோட பூச்சிக்குச் சொந்தம்."

தெருவே சிரித்தது. "ஜமீன்தாரு யாருக்கும் தெரியாம எங்கிட்டுப் போயிட்டு வந்தாராம்?" என்று பஞ்சம்மாள் கேட்க, சிரிப்பு இன்னும் கூடியது. அத்தை ஜமீனை ஒரு முறை முறைத்தார். ஜமீன் வேறு பக்கம் பார்த்தது.

"ஆம்பளப் புள்ள. நாலு எடத்துக்குப் போகத்தான் செய்வான். கொழப்பமில்ல."

அன்றே ஜீப்பில் போகிறவர்கள் வீடுகளில் பெரியவர், பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல், அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து, டாக்டர் சொன்னபடி கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூசினார்கள். முன்பு ஆளுக்கொரு நாளில் தனித்தனியாகப் பூசியதால்தான் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறது. மொட்டை மாடிகளிலும் கம்பிவேலிகளிலும் கொதிநீரில் அலசிய போர்வைகள் காய்ந்தன. வேல்பாண்டியின் கம்பளியை அலச எந்தப் பாத்திரமும் கொள்ளவில்லை. கல்யாண வீட்டு அண்டாவை வாங்கி வந்து அடுப்பேற்றினார். அடுத்த வாரமும் மருந்து. பிறகு அரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு நாள் என் அம்மா விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, "போயிருச்சுடி!" என்று கத்தினாள். அன்று தெருவில் பல வாசல்களில் அதே கத்தல். ஜமீனின் காதிலும் புது முடி முளைத்திருந்தது.

மறுநாள் ஜீப் வழக்கமான இடத்தில் நிற்காமல் அத்தை வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. உள்ளே அவரவர் மடியில் அவரவர் போர்வை. பஞ்சம்மாள் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது.

"ஏறுங்க மதினி," என்றார் வேல்பாண்டி.

அத்தை ஏறவில்லை. பஞ்சம்மாளைப் பார்த்தார். "எறங்கு. வந்து என் புள்ளையத் தடவிக் குடு. அப்பத்தான் ஏறுவேன்."

"ஆத்தாடி! அது கடிக்கும்டி."

"கொழப்பமில்ல."

பஞ்சம்மாள் இறங்கினார். ஜமீன் லேசாக உறுமியது. அத்தை அதட்டினார். பஞ்சம்மாளின் கை, புது முடி முளைத்த அந்தக் காதில் பட்டு, கழுத்து வரை போனது. பஞ்சம்மாள் ஜீப்பில் ஏறியதும் கையைச் சேலையில் துடைக்கப் போனார். பாதியில் நிறுத்தினார். அதே கையை வெளியே நீட்டி, மொக்கம்மாள் அத்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

உங்கள் ஊரிலும் ஒரு நாயின் மேல் இந்தப் பழி கிடக்கலாம். இந்தக் கதையை அங்கே சொல்லுங்கள். சொல்லும்போது, துடைக்கப் போய்ப் பாதியில் நின்ற அந்தக் கையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.