மலையாண்டி திருப்பி வாங்கியது

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் மதுரை சிம்மக்கல்லுக்கு வந்து ஜெயக்கொடியையே கேட்டுக்கொள்ளட்டும். அந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

1979, பங்குனி மாதம். பிள்ளை பிறந்து பதினோரு நாள். இரண்டைப் பறிகொடுத்த பிறகு பிறந்த மூன்றாவது. புருஷன் நல்லகாமன் லாரி பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குபவன். திங்கட்கிழமை சாயங்காலம் பளபளவென்று மின்னும் ஒரு கம்பித்துண்டோடு வந்தான். விரல் நீளம், நுனியில் சின்ன முண்டு.

"டிரைவர் மலையாண்டி அண்ணே குடுத்தாரு. லாரியில ஒரு பெட்டி உடைஞ்சு கெடந்துச்சாம். பத்து நாளாச் சட்டைப் பையிலயே வச்சிருந்திருக்காரு. பிள்ளை பக்கத்துல இரும்பு இருக்கட்டும்னாரு."

பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாதாம். ஆணியோ அரிவாளோ வைக்காத வீடு கிடையாது. ஜெயக்கொடி அதைப் பிள்ளையின் கால்மாட்டில், பாய்க்கடியில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளை பாலைக் கக்கியது. மறுநாள் குதிகால் சிவந்து கொப்புளம் கட்டியது. தொட்டால் மஞ்சள் நீர் கசிந்தது. துடைத்துவிட்டு ஜெயக்கொடி குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். பெற்ற பிள்ளையிடம் அருவருப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இதுவும் போய்விடுமோ என்று பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். நல்லகாமனோ வெளியூர் லோடு என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டுக்கே வரவில்லை.

வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதி ஓய்ந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை.

முதலில் நாற்றம் வந்தது. பெட்டிக்கடியில் செத்த எலியின் நாற்றம்... அதைவிடக் கேடுகெட்டது.

சரக்... சரக்...

வாசலில் மலையாண்டி நின்றார். வேட்டியெல்லாம் மண்.

"உள்ள வாங்கண்ணே."

வரவில்லை. கண் இமைக்கவில்லை.

"அதக் குடுத்துரு தாயி."

"எதண்ணே?"

"நான் குடுத்தத."

தலையசைத்தார். மயிர் கொத்தாக உதிர்ந்து படியில் விழுந்தது.

கையை நீட்டினார். உள்ளங்கைத் தோல் அவித்த கிழங்குத் தோல் மாதிரி நழுவித் தொங்கியது. ஜெயக்கொடிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை அதில் வைத்தாள்.

விரல் பட்டது. கொழகொழவென்று... ஜில்லென்று.

கண்ணைத் திறந்தாள்.

யாருமில்லை.

மணி பன்னிரண்டு ஏழு.

சனிக்கிழமை நல்லகாமன், பார்சல் ஆபீசுக்குத் தேடி வந்த மூன்று அதிகாரிகளோடு வந்தான். அவர்கள் கையில் கதிர்வீச்சைக் காட்டும் ஒரு மெஷின். டிக்... டிக்... நிதானமாகத்தான் அடித்தது. பெரிய குழாய்களைப் பற்றவைத்த இடத்தைப் படம் பிடித்துப் பார்க்கிற கதிர்வீச்சுப் பொருளாம் அந்தக் கம்பி. பம்பாயிலிருந்து வரும் வழியில் தொலைந்ததாம்.

"இன்னும் ரெண்டு நாள் இங்க இருந்திருந்தா பிள்ளை பிழைச்சிருக்காதும்மா. எங்க அது?"

"மலையாண்டி அண்ணே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே. வியாழக்கிழமை மத்தியானம்."

நல்லகாமன் அதிகாரிகளைத் தாண்டி அவளருகே வந்தான். பச்சை உடம்புக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது, சாவு வீட்டுக்குப் போனவன் பிள்ளையிடம் வரக் கூடாது என்றுதான் பொய் சொல்லி ஒதுங்கியிருந்தான்.

"அவரு செவ்வாய்க்கிழமையே வாந்தி வாந்தியா எடுத்துச் செத்துட்டாருடி... புதன்கிழமை திருமங்கலத்துல பொதைச்சோம். நாந்தேன் மண்ணு போட்டேன்."

அதிகாரிகள் நம்பவில்லை. பிள்ளையையும் தாயையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மலையாண்டியின் வீட்டைச் சோதிக்கத் திருமங்கலம் போனார்கள். வீட்டில் மெஷின் சும்மா இருந்தது. இடுகாட்டுப் பக்கம் திரும்பியதும்... டிக்டிக்டிக்டிக்...

வியாழக்கிழமை காலை ஊற்றிய பால் குழிமேட்டில் கலையாமல் காய்ந்திருந்தது. யாரும் தோண்டிய தடம் இல்லை.

தோண்டினார்கள். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. குறடு போட்டுத்தான் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

உள்ளே அந்தக் கம்பி இருந்தது.