அளக்காத அறுபது சூடை

ஆராய்ச்சி மோசடி என்பது கோட் போட்ட பேராசிரியர்கள் செய்கிற காரியம், மீன் அளக்கிறவனுக்கு அந்தத் தகுதி கிடையாது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

என் வேலை எளிது. காலையில் உப்புவெளியிலிருந்து இறக்கக்கண்டிக்கு பஸ் ஏறி, கரைக்கு வரும் வள்ளங்களில் அறுபது சூடை மீன்களை எடுத்து, பலகையில் வைத்து அளந்து, ஷீட்டில் எழுத வேண்டும். அந்த டேட்டாவை வைத்துத்தான் நஸ்ரினா மிஸ் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அடைமழை. நான் போகவில்லை. வீட்டுக் கதிரையில் இருந்தபடி, திங்கட்கிழமை அளந்த மீன்களில் சிலவற்றை அரைச் சென்ரிமீற்றர் வளர்த்தேன், சிலவற்றைக் குறைத்தேன். தேத்தண்ணி ஆறுமுன் அறுபதையும் படைத்து முடித்துவிட்டேன். மறுநாள் கரை அமைதியாகக் கிடந்தது. மழைக்குப் பிறகு அப்படித்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம், முடிவுகளை மீனவர்களுக்குச் சொல்ல மிஸ் ஒரு கூட்டம் வைத்தார். நாள்வாரி அளவுகளைச் சுவரில் ஒட்டியது நான்தான். வள்ளக்காரர் மன்சூர் காக்கா எழுந்து வந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மிஸ், இந்தச் செவ்வாய் எண்ட தம்பிட ஜனாஸாவ அடக்கின நாள். ஊரில ஒரு வள்ளமும் இறங்கல்ல. இவர் ஆருட மீன அளந்தவர்?"

"திகதி மாறிப்போச்சு காக்கா" என்றேன். சூடைக்குப் பேச்சு வந்தால் அப்போதைய என் குரல்போல மெலிந்துதான் இருக்கும்.

"மீனெல்லாம் ஜனாஸாவுக்கு வந்திருக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் மிஸ் கேட்டார்: "அண்ணன், அண்டைக்கு நீங்க போனீங்களா?"

"இல்ல மிஸ். அந்த ஒரு நாள்தான். மற்றதெல்லாம் சத்தியமா அளந்தனான். அத மட்டும் எடுத்துப்போட்டு மிச்சத்த வையுங்கோ."

"நான் நம்புறன். ஆனா வாசிக்கிற ஆளுக்கு எது மிச்சமெண்டு எப்பிடித் தெரியும்?"

பொலிஸ் வருமென்று இரண்டு நாள், ரோட்டில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் குசினிக்குள் ஒளிந்தேன். ஒருவரும் வரவில்லை. அவ்வளவு பெரிய ஆள் நானில்லை.

ஆய்வுக்கு வரும் பிள்ளைகளே, அந்த வரியில் 'மழை, போகவில்லை' என்று எழுதியிருந்தால் ஒரு ஏச்சோடு முடிந்திருக்கும்.

நடந்ததை மிஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். என் பதினான்கு மாத ஷீட்டுகளும், மெய்யாக அளந்தவை உட்பட, தள்ளப்பட்டன. மிஸ் என்னிடமிருந்து பலகையை வாங்கிக்கொண்டு, இறக்கக்கண்டியில் முதல் மீனிலிருந்து தானே அளக்கத் தொடங்கினார்.