முப்பத்தெட்டுச் சுற்று

இத்தனை வருடம் கழித்தும் மாமா மீது எனக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி. ரெட்டியார்சத்திரம் பக்கம் பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வைண்டிங் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டார வைண்டிங் கடைக்காரர்கள் ஆயுத பூஜைக்கு மறுநாள், நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் ஒரு பந்தயம் வைப்பார்கள். உள்ளங்கை அளவு ரிமோட் கார்கள் இரண்டிரண்டாகக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராக ஓட வேண்டும். மூன்று நொடியில் முடிந்துவிடும். அந்த மூன்று நொடிக்காக இரண்டு மாதம் தூக்கம் கெடும். விதி ஒன்றுதான்: காரின் மோட்டாரில் கம்பெனிக் கம்பியைப் பிரித்து எறிந்துவிட்டு, புதுக் கம்பியைக் கையால் சுற்றியிருக்க வேண்டும்.

கிணற்று மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற மாமாவின் விரல்களுக்கு, அந்தக் குட்டி மோட்டார் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேட்டரி மேல் இருந்த ஆங்கிலத்தைப் படித்ததும் நான்தான். கம்பி தடித்துச் சுற்று குறைந்தால் வேகம் கூடும், ரொம்பக் குறைத்தால் புகைந்துவிடும். நான்கு மோட்டார்களைப் புகைய விட்டு இதைக் கற்றுக்கொண்டேன். ஐந்தாவதில், உள்ளே சுழலும் இரும்பின் மூன்று கைகளுக்கும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டுச் சுற்று. கார் பாய்ந்தது.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டேன். களத்தில் எல்லாரும் கேட்க, இது நான் கட்டியது என்று சொல்ல வேண்டும். மாமா என் தலையில் கைவைத்துச் சத்தியமே செய்தார்.

களத்தில், இரண்டாம் வகுப்புப் படித்த என் தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "எங்க மாப்ள கட்டுனது. இம்புட்டுப் பயதானேன்னு பாக்காதீங்க" என்றார். பொம்பளைப்பிள்ளை காயில் கட்டுகிற கடை என்று மற்றவர்கள் கேலி பேசுவார்களாம். பிறகு அம்மாவிடம் அப்படித்தான் விளக்கம் சொன்னார். என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் கார் எல்லாரையும் ஜெயித்தது. கடைசியாகத் தோற்றவர் ஒரு வேடசந்தூர்க்காரர். தோற்றவருக்கு ஓர் உரிமை உண்டு. அவர் சுற்று கேட்கலாம். மோட்டாரைக் கட்டியவர் எத்தனை சுற்று என்று சொல்ல, அங்கேயே பிரித்து எண்ணிப் பார்ப்பார்கள். சொல்லத் தெரியாவிட்டால் கடையில் வாங்கிய மோட்டார் என்று தள்ளிவிடுவார்கள்.

அவர் தம்பி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஏலே அப்பு, எத்தனை சுத்துடா சுத்துன?"

"நூறு" என்றான் தம்பி. அவனுக்குத் தெரிந்த பெரிய எண் அது.

களமே சிரித்தது. "நூறு சுத்துனா அது காரு இல்லடா, கட்டவண்டி" என்றார் வேடசந்தூர்க்காரர்.

எத்தனை சுற்று என்று மாமா என்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "பய பயந்துட்டான். அவங்கக்கா பக்கத்துலதான் இருந்தா, அவளக் கேளுங்க."

அப்போதும் அவர் வாயில் நான் பக்கத்தில் இருந்தவள்தான், கட்டியவள் இல்லை. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. எண் நாக்கு நுனியில் நின்றது.

"எனக்கென்ன தெரியும்? தம்பிதான் கட்டுனான்" என்றேன்.

மோட்டாரைப் பிரிக்கவே இல்லை. எங்கள் காரைக் கள்ளக் கார் என்று தள்ளினார்கள். பரிசாக வைத்திருந்த ஸ்பேனர் செட் வேடசந்தூருக்குப் போயிற்று. தம்பி தேம்பித் தேம்பி அழுதான். வண்டியில் மாமா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, நல்ல பாடம் கொடுத்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரமே மாமா அதைச் சிரிப்புக் கதையாக்கிக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. களத்தில் நின்ற அத்தனை பேரும் அந்தக் காரைக் கட்டியது யார் என்று அறியாமலே வீட்டுக்குப் போயிருந்தார்கள். என் பக்கம் திரும்பிய முகங்களிடம், மாமா சொன்ன பொய்யையே என் வாயால் சொல்லி முடித்து வைத்தேன் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.