ஆனிங் வேண்டாம் என்றேன்

காலையில் நான் எழுந்து வரும்போது என் கணவர் வீட்டில் இருக்கமாட்டார். வாசலில் நிற்கும் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். கதவைத் தட்டினால், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல "வா, உள்ள வா" என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்தடிகூட இருக்காது. ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பின்பக்கம் திறந்த தொட்டியுள்ள வண்டியை இங்கே பிக்கப் டிரக் என்கிறார்கள். அந்தத் தொட்டியில் கட்டிலும் அடுப்பும் அடங்கிய ஒரு பெட்டி வீட்டைத் தூக்கி உட்கார வைத்தால் அது டிரக் கேம்பர். கால்கரி நகரத்தில் முப்பத்தொன்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற கையோடு, பழைய கேம்பர் ஒன்றை அவர் ஆசையாக வாங்கினார். அவர் பெயர் ஏகாம்பரம், ஆந்திர எல்லையோர நகரிக்காரர், தறி வீட்டுப் பிள்ளை. நான் திருப்பதியில் வளர்ந்தவள்.

கேம்பரால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. அதன் பக்கவாட்டில் ஆனிங் போடலாமா என்ற பேச்சில்தான் வந்தது. ஆனிங் என்பது சுருட்டி வைக்கும் துணிக்கூரை. வண்டியை நிறுத்தியதும் இழுத்து விரித்து இரண்டு கால்களை ஊன்றினால் கீழே நாற்காலி போட்டு உட்காரலாம். அவர் ஒவ்வொரு முறை கேட்டபோதும் நான் வேண்டாம் என்றேன். காற்றில் கிழியும் என்றேன், வண்டி அகலமாகிவிடும் என்றேன். ஒன்றும் உண்மையான காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் என்னையும் கடைக்கு அழைத்துப்போனார். விற்பனையாளர் இளைஞர், நல்ல பிள்ளை. "நீங்கள் தங்குகிறவர்களா, போய்க்கொண்டே இருக்கிறவர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "முப்பத்தொன்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம். இந்த நாட்டுக் குடிமக்கள்" என்றேன். அவர் திகைத்துப்போனார். ஒரே இடத்தில் பல நாள் முகாம் போடுவீர்களா, தினம் ஒரு ஊராகப் போவீர்களா என்றுதான் கேட்டாராம். ஆனிங் வாங்குகிற எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. வண்டியில் திரும்பும்போது கணவர் கேட்டார்: "ஒரு துணிக்கு ஏன் இப்டி நடுங்கற?" 

அந்த ஜூலையில் டிரம்ஹெல்லர் என்ற ஊருக்குப் போனோம். மரமே இல்லாத களிமண் குன்றுகள். அவருக்கு இதய அறுவை நடந்திருந்தது; வெயில் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கேம்பருக்குள் அடுப்பில் வைத்த பாத்திரம்போலக் கொதித்தது, வெளியே நிழல் கிடையாது. மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார். நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வண்டித் தம்பதி ஓடிவந்து, அவரைத் தங்கள் ஆனிங்குக்குக் கீழே தூக்கிப்போய்க் கிடத்தினார்கள். ஈரத்துண்டு போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் கண் திறக்க நேரமாயிற்று. அந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "நீங்கள் ஏன் ஒன்று போட்டுக்கொள்ளவில்லை?" என்றார். கரிசனமான கேள்விதான். எனக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது. அன்று என் பிடிவாதம் அவர் உயிரைக் கொண்டுபோயிருக்கும்.

வீடு திரும்பிய மறுநாள் காலை கேம்பருக்குள் அவர் எதிரில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து, சித்தூர் ஜில்லாவில் எது யாருக்கு என்ற எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். என் நைனா, அதாவது அப்பா, முனிரத்தினம் சொந்தமாக ஒரு லாரி ஓட்டினார். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். எலும்பு முறிந்தால் கட்டுப் போடப் புத்தூர்தான். லாரியில் வைக்கோல் பரப்பி அம்மாவைப் படுக்கவைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு நைனா திருப்பதியிலிருந்து கிளம்பினார். நாங்கள் தமிழ்க்காரர்கள்; வழியில் தமிழ்க்காரர்களின் வண்டிகளைத் தெலுங்கர்கள் மறிக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "யாரு வந்தாலும் தமிழ்ல வாயத் தொறக்காதே. தெலுங்குதான்" என்று என்னிடம் சொல்லிவைத்தார்.

வடமாலபேட்டையைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒருவர் நகர்த்தக்கூடிய மரமில்லை. உதவிக்கு ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தோம். உச்சி வெயிலில் லாரியின் இரும்புத் தரை காய்ந்தது. அம்மாவின் கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது.

"இன்னாங்க, தாங்க முடியல. படுதாவக் கட்டி என்னைக் கீழ எறக்குங்களேன்" என்றாள்.

"படுதா கட்னா தொலைவுலேர்ந்து தெரியுமே. கல்லெடுத்துக்கினு வந்துட்டா இன்னா பண்றது?"

"கல்லால செத்தா இன்னா, வெயில்ல செத்தா இன்னா?"

நைனா லாரியின் பக்கப்பலகையில், சரக்கு மூடும் படுதாவின் ஒரு ஓரத்தைக் கட்டி, இரண்டு மூங்கிலை ஊன்றி மறு ஓரத்தைக் கட்டினார். அம்மாவை அணைத்து இறக்கி நிழலில் கிடத்தினார். அம்மா கண்ணை மூடி மூச்சு விட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நைனா பயந்ததுபோலவே ஆட்கள் வந்தார்கள். பதினைந்து இருபது பேர், கையில் கொடி. நைனா முன்னால் போய்க் கைகூப்பி, "அண்ணா, காலு விரிகிந்தி, புத்தூருகி போதாண்டாம்" என்று தெலுங்கில் கெஞ்சினார். கால் முறிந்துவிட்டது, புத்தூருக்குப் போகிறோம் என்று அர்த்தம். அவர்கள் தெலுங்கர்கள் என்று நினைத்துவிட்டார். வந்தவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் தாலுக்காக்கள் மதராஸோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்டுக்கொண்டு வந்த தமிழர்கள். "தெலுங்குக்காரன் லாரிடா" என்று ஒருவன் படுதாக் கயிற்றை அறுத்தான். மூங்கில் சாய்ந்து படுதா எங்கள் மேல் விழுந்தது. இருட்டில் அம்மா அலறினாள்: "ஐயோ, நாங்க தமிழ்க்காரங்கதாம்பா! பயத்துல பேசறாருப்பா!"

நான் படுதாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஆட்களின் தலை தெரியவில்லை. இடுப்பும் கைகளும் மட்டும். "தமிழனாப் பொறந்துட்டு எவன் பாசைடா பேசற?" என்ற குரலோடு ஒரு இடது கை எழும்பி நைனாவின் கன்னத்தில் இறங்கியது. நைனா திருப்பி அடிக்கவில்லை. கூப்பிய கையை இறக்கவும் இல்லை.

பிறகு யாரோ படுதாவை விலக்கினார்கள். அம்மாவின் காலைப் பார்த்தார்கள்.  எல்லோரும் போய் மரத்துக்குத் தோள் கொடுத்து ஓரமாக உருட்டினார்கள். நைனா படுதாவை அங்கேயே விட்டுவிட்டு லாரியை எடுத்தார். அம்மாவின் கால் கூடியது, சற்றுக் கோணலாக. பிறகு எல்லை முடிவானபோது திருத்தணி மதராஸுக்குப் போனது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். அந்த நாளைப் பற்றி நைனா வாயே திறக்கவில்லை.

"நம்ம கல்யாணத்துல எங்க நைனா உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை தமிழ் பேசல, தெலுங்குதான். கவனிச்சீங்களா?" என்று கேட்டேன். கல்யாண வீட்டில் எல்லோரும் அதைத் திருப்பதிக்காரரின் பழக்கம் என்று சிரித்தார்கள். நான் மணையில் உட்கார்ந்தபடி, என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், இடது கையால் பந்தல்கால் கயிற்றில் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கைக்காரர்கள் எத்தனையோ பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே சொல்லிக்கொண்டு கடல் தாண்டி வந்துவிட்டேன்.

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். காபியில் ஆடை படிந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். தன்னை வளர்த்த அண்ணனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுக்காதவர். அண்ணன் இறந்து பதினான்கு வருடமாகிறது. கேட்டுத் தெளியவும் வழியில்லை.

"அண்ணன் அந்த ஊர்வலத்துக்கெல்லாம் போய்க்கினுதான் இருந்தாரு" என்றார் கடைசியில். "ஒரு கதை சொல்வாரு. யாரோ ஒரு லாரிக்காரன் பொண்டாட்டி கால் ஒடஞ்சி ரோட்ல கெடந்தாளாம். நாங்கதான் மரத்தை உருட்டி வழிவுட்டோம்னு சொல்வாரு. பெருமையாச் சொல்வாரு."

"அடிச்சதைச் சொல்லலியா?"

"சொல்லல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்ம கல்யாணத்துக்கப்புறம் அந்தக் கதையவே சொல்லல. ஏன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல."

 மூத்தார் எங்கள் நைனாவை மணப்பந்தலில் அடையாளம் கண்டிருக்கிறார். நைனாவும் கண்டிருக்கிறார். பெண்ணின் வாழ்வு கெடக்கூடாதென்று ஒருவர் தமிழை விட்டார், ஒருவர் தன் பெருமையை விட்டார். அடித்ததும் அவர்தான், தோள் கொடுத்ததும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் வைத்துப் பார்க்க எனக்கு அறுபத்துநாலு வயது ஆகவேண்டியிருந்தது.

"வுடு, ஆனிங் வேணாம்" என்றார் அவர். "குடை வாங்கிக்கலாம்."

"போடுங்க" என்றேன். "எங்கம்மா கேட்டதே நெழலைத்தான். அந்தப் படுதா இல்லன்னா புத்தூரு போய்ச் சேந்திருக்கமாட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தா."

சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள். செப்டம்பரில் ஆல்பர்ட்டாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குப் போனோம். எல்லையில் ஒரு பலகை மட்டும் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அதன் கீழே நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரை முகாமில் எங்களுக்குப் பதினேழாம் எண் இடம். அவர் ஆனிங்கை விரித்தார். அதன் கால்களை நான்தான் ஊன்றினேன். வெயில் சாயச் சாய நிழல் எங்கள் இடத்தை விட்டு நகர்ந்து, எண் எழுதிய கல்லைத் தாண்டி, யாரும் எடுத்திராத பதினெட்டாம் இடத்தில் போய் விழுந்தது. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து என்னையும் கூப்பிட்டார். எல்லையை முழுதாகத் தாண்ட இன்னும் துணிச்சல் வராமல், என் நாற்காலியை நான் கல்லுக்கு இந்தப் பக்கமே விட்டுவைத்தேன். முகத்தில் வெயில் அடித்தது. கால்களை மட்டும் நீட்டி அந்தப் பக்கத்து நிழலில் வைத்துக்கொண்டேன்.